சட்டை போடாத படம்

1

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டுக் காகிதம் வந்து சேரும். என் மகள் இனியா அதைப் பையிலிருந்து உருவிச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்குப் பதினாறு வயது. கதவைச் சாத்துவதுதான் இப்போது அவளுடைய முக்கியமான வேலை. காகிதங்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. தலையில் பேன் வந்தால் பள்ளிக்குத் தெரிவிப்பேன் என்று ஒரு கையெழுத்து. அம்மை ஊசி போட்டதற்கு அத்தாட்சி. சுற்றுலா போன இடத்தில் அவள் தனியாகக் கடைக்குப் போகலாமா, கூடாதா. பதினெட்டு வருடமாக ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். காகிதத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மன்காரர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை வராது.

அந்தக் கட்டில் ஒன்று புகைப்பட அனுமதிப் படிவம். பிள்ளையின் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டலாமா, ஆண்டு மலரில் போடலாமா, பள்ளியின் இணையத்தில் போடலாமா, உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம். கோயமுத்தூரில் நான் படித்த பள்ளியில் என்னை எடுத்த ஒரே போட்டோ பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ. அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை, முப்பது ரூபாய்தான் கேட்டார்கள். இங்கே இனியா பாலர் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாக் கட்டத்திலும் 'சரி' போட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருகிறேன். படித்துப் பார்த்ததுகூடக் கிடையாது.

இந்த வருடப் படிவத்தில் கீழே கூடுதலாக ஒரு கோடு இருந்தது. மாணவியும் கையெழுத்துப் போட வேண்டுமாம். இனியா சமையலறையில் நின்றுகொண்டே அதைப் படித்தாள். வகுப்புச் சுவருக்கு 'சரி'. மற்ற எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்'.

"ஏன்டா, ஆண்டு மலர்ல வந்தா நல்லாத்தானே இருக்கும்?" என்றேன்.

"என் மூஞ்சிப்பா. என்னைத்தானே கேக்கணும்?" என்று பாதித் தமிழும் பாதி ஜெர்மனுமாகச் சொல்லிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. மூன்று நாளாக அந்தக் காகிதம் பழக்கூடைக்கு அடியில் கிடக்கிறது. மனைவி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். காரணத்தை உங்களிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் இருந்தால் என் அப்பாவின் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஒரு விநாடி பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டுத் தள்ளியிருப்பீர்கள். பணம் அனுப்பியவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2

அப்பாவுக்குத் துடியலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்றிலும் போர்வெல்லிலும் எரிந்துபோன மோட்டார்களை விவசாயிகள் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அப்பா கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பகல் முழுக்கக் காக்கியும் கரியும் வார்னிஷ் வாசமும்தான். ஆனால் காலையில் கடை திறக்கும் முன்னால் முருகேசன் சலூனில் சவரம் செய்யாமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டால் கழுத்துப் பொத்தான் வரை பூட்டுவார். சித்திரை வெயிலில் எங்கள் வீதி ஆண்கள் எல்லாரும் தோளில் துண்டோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பாவை வெறும் மேலோடு நான் பார்த்ததே இல்லை. குளித்துவிட்டு வெளியே வரும்போதே பனியன் போட்டுக்கொண்டுதான் வருவார். அம்மா உயிரோடு இருந்தவரை இதற்காக அவரைக் கேலி செய்துகொண்டே இருந்தாள்.

தெரிந்தவர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் அப்பா கண்டிப்பாகப் பார்க்கப் போவார். மொபெட்டின் பின்னால் நான், என் மடியில் சாத்துக்குடிப் பை. வார்டு வாசலுக்குப் போனதும் அப்பா நின்றுவிடுவார். இரண்டு தடவை இருமுவார். பிறகும் உள்ளே போகமாட்டார், சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் படிக்கிற மாதிரி நிற்பார்.

"ஏனுங்கப்பா இங்கயே நிக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சட்டை போட்டுக்கட்டும் சாமி" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

உள்ளே போனால் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மழை, தேங்காய் விலை, யார் வீட்டுப் போரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இதுதான் பேச்சு. எழுந்திருக்கும்போது மடித்த நோட்டைத் தலையணைக்கு அடியில் செருகுவார். செருகும்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். படுத்திருப்பவர், "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம், வேண்டாங்க" என்பார். "கைச்செலவுக்கு இருக்கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே அப்பா வாசலுக்கு வந்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை 'வேண்டாங்க' என்று சொல்வது மரியாதைக்கு. அதை யாரும் பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காப்பிக்கும் அப்படித்தான், பணத்துக்கும் அப்படித்தான். கொடுப்பவர் மறுபடி வற்புறுத்துவார், வாங்குபவர் மறுபடி வேண்டாம் என்பார், அதற்குள் நோட்டு தலையணைக்கு அடியில் போயிருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போனில் கோட்டைவிட்டேன்.

3

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலையில் சோதனை மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பம்புகளுக்கான சீல் தயாரிக்கும் தொழிற்சாலை. அப்பா எரிந்த மோட்டாரோடு போராடினார், மகன் தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்கிறேன். தங்கை சுமதி கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பா கடையிலயே உழுந்துட்டாருங்கண்ணா. அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரில சேத்திருக்கறமுங்க. இருதயத்துல வால்வு கெட்டுப்போச்சாமா. கிருமி வேற சேந்துருச்சுன்னு சொல்றாங்க. பத்து நாளைக்குள்ள ஆபரேசன் பண்ணோணுமாமுங்க."

மறுநாள் செலவு மதிப்பீட்டுக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். பதினெட்டு லட்சம். முழுவதையும் கட்டினால்தான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பார்கள். அப்பாவின் காப்பீடு மூன்று லட்சத்தோடு முடிந்துவிடும். சுமதியின் வீட்டுக்காரர் இரண்டு புரட்டினார். என்னிடம் நாலு இருந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஜெர்மனியில் இருக்கிறவனிடம் நாலு லட்சம்தானா? அதுதான் இருந்தது. முந்தின வருடம்தான் வீட்டுக் கடன் வாங்கியிருந்தோம். தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்து, வேலை நேரத்தையும் சம்பளத்தையும் வெட்டியிருந்தார்கள். வங்கிக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் என் சம்பளச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு, "இது வேண்டாம் என்கிறது" என்று திரையைக் காட்டினார். வெள்ளகோவில் பக்கத்தில் அப்பா பேரில் இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு, மழையை நம்பிய நிலம், உண்டு. அதை விற்கலாம் என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆக்சிஜன் முகமூடிக்குள் கண்மூடிக் கிடக்கிறார்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர்களுக்கு இது கடைசி வரை புரியவில்லை. "உன் அப்பாவுக்குக் காப்பீட்டு அட்டை இல்லையா?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். "இருக்கிறது, தீர்ந்துவிட்டது" என்றேன். காப்பீடு எப்படித் தீரும் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் அவிநாசி மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி, பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி போடுகிறவர். அப்பாவைப் பற்றி விசாரித்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார்.

"பணங்காசு ஏதாச்சும் பாக்கோணுமா மாப்ள?"

என் தொண்டை வரை பதில் வந்தது. ஆமாங்க மாமா, ஒம்பது லட்சம் குறையுதுங்க. இந்த ஐந்து சொல்லைச் சொல்ல முடியாமல், "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க மாமா. நான் பாத்துக்கறனுங்க" என்றேன். "சரி மாப்ள, நீ அங்கிருக்கற, உனக்குத் தெரியாததா" என்று அவர் வைத்துவிட்டார். நேரில் என்றால் மறுபடி கேட்டிருப்பார், என் முகத்தைப் பார்த்திருப்பார். ஜெர்மனியில் இருக்கிற மாப்பிள்ளையிடம் இரண்டாம் தடவை கேட்பது அவமரியாதை என்று நினைத்துவிட்டார்.

அவர் அப்படி நினைத்ததற்கு நானே காரணம். பதினாறு வருடமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டி நிறையச் சாக்லேட், எல்லாருக்கும் சென்ட் பாட்டில். குடும்பக் குழுவில் நான் போட்ட படங்கள் எல்லாம் பனிமலையும் காரும்தான். அந்தக் காருக்குத் தவணை கட்டுகிறேன் என்று எந்தப் படத்தின் கீழும் எழுதியதில்லை. இத்தனை படம் காட்டிவிட்டு எந்த வாயால் கேட்பது?

சொந்தக்காரர்களிடம் கேட்க வெட்கப்பட்டவனுக்கு, ஊர் பேர் தெரியாதவர்களிடம் கேட்பது சுலபமாக இருந்தது. நன்கொடை திரட்டித் தரும் ஓர் இணையதளத்தில் அன்றே அப்பாவின் பேரில் ஒரு பக்கம் திறந்தேன்.

4

அந்தப் பக்கத்துக்கு முதலில் நான் போட்ட படம் அவிநாசித் தேர் அன்றைக்கு எடுத்தது. மாமா வீட்டு வாசலில் அப்பா நிற்கிறார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கழுத்துப் பொத்தான் பூட்டியிருக்கிறது. கூடவே அவரைப் பற்றி நானே இரண்டு பத்தி எழுதினேன். நாற்பது வருடத்தில் எத்தனையோ தோட்டம் காடுகளுக்குத் தண்ணீர் பாயக் காரணமானவர் என்றெல்லாம் எழுதிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் பதினொரு பேர் பணம் போட்டார்கள். அதில் நாலு பேர் என் தொழிற்சாலைக்காரர்கள்.

மூன்றாம் நாள் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். நல்ல தமிழ், நல்ல மரியாதை.

"சார், அப்பா இந்த போட்டோல ரொம்ப ஹெல்த்தியா இருக்காங்க சார். பாக்கறவங்களுக்கு எமர்ஜென்சின்னு தோணாது. ஐசியூ போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க. டைட்டிலை நாங்களே மாத்தித் தரோம் சார்."

"அதெல்லாம் எதுக்குங்க?" என்றேன்.

"உங்க இஷ்டம்தான் சார். ஆனா டைம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்குக் காரணம் இல்லை. சொன்னதெல்லாம் உண்மை. சுமதியைக் கூப்பிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"முடியாதுங்கண்ணா" என்றாள். என் தங்கை என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "சவரம் பண்ணி அஞ்சு நாளாச்சு. பல் செட்டக் கழட்டி வெச்சிருக்கறாங்க. மேல சட்டைகூட இல்லீங்க, ஒயரு ஒயரா ஒட்டியிருக்குது. அப்பா முழிச்சுப் பாத்தா என்னையக் கொன்னுபோடுவாருங்க."

"முழிக்கோணும்னா பணம் வேணும் சுமதி" என்று கத்தினேன். ஓய்வறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் படம் வந்தது. கூட ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. உள்வாங்கிப்போன கன்னம், வெள்ளை முள்ளாகத் தாடி, திறந்த வாய். எலும்பு தெரியும் மார்பில் ஆறோ ஏழோ வட்ட ஒட்டுகள். என் அப்பாவின் வெறும் மார்பை நாற்பத்தைந்து வயதில் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். யோசிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். யோசித்தேன். காப்பி இடைவேளை முடிய நாலு நிமிடம் இருந்தது, அந்த நாலு நிமிடமும் யோசித்தேன். அப்புறம் அனுப்பினேன்.

சாயங்காலம் பக்கத்தைத் திறந்தால் என் இரண்டு பத்தியும் காணோம். 'ஏழை மெக்கானிக்கின் கடைசிப் போராட்டம்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். ஏழை என்ற சொல்லை எடுக்கச் சொல்லி எழுதத் தொடங்கினேன். அதற்குள் பணம் வர ஆரம்பித்துவிட்டது. எழுதியதை அழித்துவிட்டேன்.

5

நாலு நாளில் தொகை நிறைந்தது. பத்து ரூபாய் போட்டவர் உண்டு, ஐம்பதாயிரம் போட்டவர் உண்டு. பாதிப் பேர் பெயர்கூடச் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் "என் அப்பாவுக்கு இப்படிச் செய்ய முடியவில்லை" என்று எழுதிவிட்டு இருநூறு ரூபாய் போட்டிருந்தார். அவர்களை ஒரு குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்களால்தான் என் அப்பா இன்றைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று விடுப்புப் போடாமல் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது குழந்தை பிறந்தால், யாராவது ஓய்வு பெற்றால், ஒரு பழுப்பு உறை மேசை மேசையாகச் சுற்றும். உறையின் மேல் ஒரு பட்டியல், உங்கள் பெயருக்கு நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு விரும்பியதை உள்ளே போடலாம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. போட்டீர்களா இல்லையா என்பதுகூடத் தெரியாது, கோடு மட்டும் இழுத்துவிட்டு அனுப்பலாம். அன்றைக்குச் சுற்றிய உறை என் மேசைக்கு மட்டும் வராமல் போனது. கடைசியில் பிர்கிட் அதை என் கையில் கொடுத்தார்.

பிர்கிட் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். எனக்கு இந்தத் தொழிற்சாலையில் முதன்முதலில் ஜெர்மன் திருத்திக் கொடுத்தவர். உறையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அந்தப் பக்கத்தில் புதுப் படம் பார்த்தேன். உன் அப்பாதானே?"

"ஆமாம்."

"அவர் சம்மதித்தாரா?"

"அவருக்கு நினைவே இல்லை."

"அப்படியானால் யாரிடம் கேட்டாய்?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. உங்கள் அப்பாவுக்கு என்றால் ஒரு அட்டையை நீட்டினால் போதும், அதனால்தான் உங்களுக்கு இப்படியெல்லாம் கேட்கத் தோன்றுகிறது என்று கொட்டிவிட நினைத்தேன். ஆனால் ஜெர்மனில் கோபப்பட எனக்கு இன்னும் வரவில்லை. எந்தச் சொல் ஆண், எந்தச் சொல் பெண் என்று தேடி எடுப்பதற்குள் கோபம் ஆறிப்போய்விடும். "அவர் உயிரோடு இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

"அதற்கு எனக்குச் சந்தோஷம்" என்று என் தோளைத் தொட்டுவிட்டு அவர் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பிர்கிட் மேல் கோபம் உண்டு. அந்த உறையைப் பிரித்தபோது அப்பா நோட்டுச் செருகும் தலையணை நினைவுக்கு வந்ததும் உண்மை.

6

அப்பா பிழைத்தார். இருபத்திரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். பணம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "அண்ணன் அனுப்புச்சுதுங்க" என்று சுமதி சொல்லிவைத்திருந்தாள். நானும் ஆமாங்கப்பா என்று சொல்லியிருந்தேன். "உனக்கு செரமம் ஆயிப்போச்சா சாமி?" என்று போனில் கேட்டார். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

மெதுவாக நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் அவர் முதலில் போன இடம் முருகேசன் சலூன். முருகேசனே பிறகு சுமதியிடம் சொன்னபடி, அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்திருக்கிறார். நாற்காலியில் உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, சோப்பு நுரையைத் தடவிவிட்டு, போனை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"இதப் பாருங்க, ஆளே மாறிப்போயிட்டீங்க. எனக்கு மொதல்ல அடையாளமே தெரீலீங்க. நம்ம கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் அனுப்பிச்சு உட்டனுங்க. நானும் ஐநூறு ரூவா போட்டனுங்க."

அவர் சொன்னதில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. தான் உதவியதை ஒரு நல்ல மனிதர் சந்தோஷமாகச் சொன்னார். அப்பா சவரத்தை முடித்துக்கொண்டு, பணம் கொடுத்துவிட்டு, "ரொம்ப நல்லதுங்க முருகேசா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சுமதியிடம் ஒரு கண்ணாடியும் சவரச் செட்டும் வாங்கி வரச் சொன்னார். சலூனுக்குப் போவது அத்தோடு நின்றது. கல்யாணம் காதுகுத்து என்று எது வந்தாலும் சுமதியை அனுப்பிவிடுகிறார். மூச்சு வாங்குகிறது என்பது அவர் சொல்லும் காரணம். மருத்துவரிடம் கேட்டால் மூச்செல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்.

அப்பாவிடம் பேசிப் பார்க்கச் சொல்லலாம் என்று மாமாவைப் போனில் கூப்பிட்டேன். முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"நாந்தான் கேட்டனே மாப்ள! வேண்டாம்ன. செரி, கூச்சப்படறான், ஆஸ்பத்திரில அப்பன் தலகாணிக்கடியில வெச்சுப்போட்டு வரலாம்னு அஞ்சு லட்சம் எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். உள்ள உடமாட்டேன்னுட்டாங்க. வெளிய சேர்ல உக்காந்திருக்கறப்பத்தான் அந்த போட்டோ என்ற போனுக்கு வருது. என்ற மச்சானுக்காக ஊருகிட்டப் பிச்சை கேக்கறாங்க, நா மடில பணத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

பிறகு, "அங்க குளுரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்தப் படத்தை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினேன். அடையாள அட்டை கேட்டார்கள், அப்பாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கேட்டார்கள். போடும்போது கேட்காத கையெழுத்தை எடுக்கும்போது கேட்டார்கள். எப்படியோ நீக்கியும்விட்டார்கள். ஆனால் போனிலிருந்து போனுக்குப் போனதை யார் நீக்குவது? போன வருடம் அதே படம் என் போனுக்கே வந்தது. வேறொரு பெயர், வேறொரு ஊர், பணம் அனுப்ப வேறொரு கணக்கு எண். யாரோ ஒருவன் என் அப்பாவைக் காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

7

இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் அப்பாவை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அப்போது டிக்கெட்டுக்குச் செய்யும் செலவை மருத்துவமனைக்கே கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன், அதற்கடுத்த வருடம் ஏதோ ஒரு சாக்கு. நிஜமான காரணம் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னவனாக அவர் முன்னால் போய் நிற்கப் பயம்.

பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "வா சாமி" என்றார். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. கன்னத்தில் பிளேடு கீறிய இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. கை நடுங்குகிறது.

"தாத்தா, எப்படி இருக்கு?" என்று இனியா கேட்டாள். அவளுடைய தமிழில் மரியாதை விகுதி எல்லாம் விமானத்திலேயே உதிர்ந்துவிடும்.

"இருக்குது கண்ணு, நல்லாவே இருக்குது" என்று அப்பா சிரித்தார். அன்று முழுவதும் அவளைச் சீண்டுவதற்காகவே தன்னை 'அது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தாத்தா இப்ப காப்பி குடிக்குமாமா" என்பார். அவளுக்கு எது வேடிக்கை என்று புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து இனியாவுக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தோடு அவர் ஒவ்வொரு சுளையாகப் பிரிப்பதை அவள் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் இருவர் மேலும் விழுந்தது. என் மகளை இவ்வளவு பொறுமையாக நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. என்னை அறியாமல் போனை எடுத்துத் தூக்கிவிட்டேன்.

அப்பா பார்த்தார். உரித்த பழத்தைத் தட்டில் வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு சாமி?"

"சும்மாங்கப்பா. ஞாபகத்துக்கு."

அவர் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது.

"பணம் ஏதாச்சும் வேணுமா சாமி? சட்டையக் கழட்டட்டுமா?"

என் அப்பாவின் குத்தல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நிறைய வாங்கியிருக்கிறேன். இது குத்தல் இல்லை. மோட்டார் நாளைக்கே வேணுமுங்களா என்று விவசாயிகளிடம் கேட்பாரே, அந்தக் குரல். கேட்டுக்கொண்டே இரண்டு பொத்தானைக் கழற்றியிருந்தார். நெஞ்சின் நடுவில் தையல் தழும்பின் மேல்முனை தெரிந்தது.

"வேண்டாங்கப்பா" என்றேன்.

முதல் தடவை வேண்டாம் என்றால் அது மரியாதைக்குத்தான் என்பதை அவர் மறக்கவில்லை. மறுபடி கேட்டார்.

"கூச்சப்படாத சாமி. எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு ஆகோணும்னா எடுத்துக்க."

போனைப் பைக்குள் போட்டேன். இனியா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தாத்தா பேசிய வேகத்தில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னப்பா, தாத்தா என்ன சொல்லுது?" என்றாள்.

"புழுக்கமா இருக்காம்" என்றேன்.

அவள் உடனே எழுந்து போய் மின்விசிறியை வேகமாகத் திருப்பிவைத்தாள். காற்றில் விலகிய சட்டையை அப்பா ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.